ஹெல்மெட்டுக்குள் பாட்டு ஏன் தெளிவாகக் கேட்பதில்லை?

காலை ஆறரை மணி. பண்டமாரானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் புறப்படுகிறீர்கள். வீட்டு வாசலில் ஹெல்மெட்டை மாட்டி, அதிலுள்ள புளூடூத் கருவியைத் திறந்தால், மின்னல் பண்பலை அறிவிப்பாளர் காதோடு பேசுவதுபோல் இருக்கிறது. பாட்டில் தவிலும் கேட்கிறது, நாதஸ்வரமும் கேட்கிறது. கிள்ளான் நகரைத் தாண்டிக் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் ஏறியதும் முதலில் தவில் காணாமல் போகிறது. அடுத்து, அறிவிப்பாளர் என்ன சொல்கிறார் என்பது புரியாமல் போகிறது. ஒலியைக் கூட்டுகிறீர்கள். ஷா ஆலம் வருவதற்குள் கருவி அதன் உச்ச அளவுக்குப் போய்விடுகிறது. அப்போதும் பாதிப் பாட்டுதான் கேட்கிறது.

இந்த இடத்தில் பலரும் எடுக்கும் முடிவு, “கருவி சரியில்லை, இதைவிட விலை கூடியதை வாங்குவோம்” என்பதுதான். சில நூறு வெள்ளி செலவழித்துப் புதியதை மாட்டிய பிறகும் அதே கதை தொடர்ந்தால் வியப்படைய வேண்டாம். பெரும்பாலும் குறை கருவியில் இல்லை. அது பொருத்தப்பட்ட இடத்திலும் அதைச் சுற்றியுள்ள இரைச்சலிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. சரிசெய்யாமல் ஒலியை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், அதற்கு விலை கொடுப்பது உங்கள் காதுதான்.

எதிரி இயந்திரம் அல்ல, காற்று

மோட்டார் சைக்கிளில் போகும்போது கேட்கும் இரைச்சல் இயந்திரத்திலிருந்தும் புகைக்குழாயிலிருந்தும் வருகிறது என்று நினைப்போம். பண்டமாரானின் குடியிருப்புச் சாலைகளில் அது உண்மை. வேகம் மணிக்கு 60, 70 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டால் நிலைமை மாறுகிறது. அதற்குமேல் காதில் விழுவது பெரும்பாலும் காற்றின் சத்தம்தான். ஹெல்மெட்டின் விளிம்புகளிலும் கழுத்துப் பகுதியிலும் காற்று மோதிச் சுழல்கிறது. அந்தச் சுழல்களே இரைச்சலாகின்றன.

இந்த இரைச்சல் வேகத்தோடு மெதுவாக ஏறுவதில்லை, தாவி ஏறுகிறது. பிரிட்டனில் 1990களில் செய்யப்பட்ட அளவீடுகளின்படி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காதருகே ஏறத்தாழ 90 டெசிபலும், 160 கிலோமீட்டரில் ஏறத்தாழ 110 டெசிபலும் பதிவாயின. நாம் கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும் வேகத்துக்கு 90 முதல் 100 டெசிபல் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இது எவ்வளவு பெரிய எண் என்பதை நம் நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் புரியும். 2019 ஜூன் முதல் நடப்பில் உள்ள வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி, ஒரு தொழிலாளி எட்டு மணி நேர வேலையில் சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் இரைச்சலுக்கு ஆளாகக் கூடாது. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 88 டெசிபலுக்கு நான்கு மணி நேரம், 91 டெசிபலுக்கு இரண்டு மணி நேரம், 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம். 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடம்தான்.

பண்டமாரானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய்வர, நெரிசல் இல்லாத நாளிலேயே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். பாட்டே போடாவிட்டாலும் காற்று மட்டுமே உங்கள் காதின் அன்றாடப் பங்கைத் தின்றுவிடுகிறது. அந்த இரைச்சலை வென்று பாட்டு கேட்க வேண்டுமென்றால், பாட்டு அதைவிடச் சத்தமாக ஒலிக்க வேண்டும். சிக்கலே இங்குதான் தொடங்குகிறது.

தவில் ஏன் முதலில் மறைகிறது?

காற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில், அதாவது நொடிக்கு 500 அதிர்வுகளுக்கும் கீழே அடர்ந்திருக்கிறது. அந்தப் பகுதியில் ஹெல்மெட் ஏறக்குறைய எந்தத் தடுப்பும் தருவதில்லை. 1,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட கீச்சொலிகளை அதன் நுரையும் ஓடும் ஓரளவு தடுத்துவிடுகின்றன. ஆகவே காதுக்கு வந்து சேர்வது ‘ஊ’ என்ற ஆழமான உறுமல்.

தவிலின் தொப்பியும் பாட்டின் பேஸ் ஒலியும் இதே தாழ்ந்த பகுதியில்தான் இருக்கின்றன. எனவே அவை முதலில் மூழ்கிப் போகின்றன. நாதஸ்வரத்தின் வலிமை அதற்கு மேற்பட்ட பகுதியில் இருப்பதால் அது இன்னும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கிறது. அதோடு நம் செவிக்கு ஒரு பழக்கம் உண்டு. தாழ்ந்த சுருதி இரைச்சல் மிகப் பலமாக இருந்தால், அது தனக்கு மேலே உள்ள சுருதிகளையும் சேர்த்தே மறைத்துவிடும். அறிவிப்பாளர் பேசும் ‘ச’, ‘த’, ‘க’ போன்ற மெய்யொலிகள் கரைந்து, உயிரொலிகள் மட்டும் மிஞ்சுவது இதனால்தான். பேசுகிறார் என்று தெரியும், என்ன பேசுகிறார் என்று தெரியாது.

ஆகவே முதல் வேலை பாட்டைக் கூட்டுவது அல்ல, இரைச்சலைக் குறைப்பது. அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டிக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோது, தாடைக்குக் கீழே, ஹெல்மெட்டுக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள திறந்த பகுதி முக்கியமான வாசலாகத் தெரியவந்தது. நம் நாட்டில் கப்சாய் ஓட்டுபவர்களில் பலர் அணிவது முகம் திறந்த ஹெல்மெட். அதில் அந்த வாசல் இன்னும் அகலம்.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. தலைக்குச் சரியான அளவுள்ள ஹெல்மெட்டை அணியுங்கள். கன்னத்துப் பஞ்சு தேய்ந்து தொளதொளவென்று ஆகியிருந்தால், அந்த ஹெல்மெட்டுக்குரிய புதிய பஞ்சை மாற்றுங்கள். முகக்கண்ணாடியை முழுதும் இறக்கிவிடுங்கள். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணிக்குழாய் ஒன்றை அணிந்து, கீழிருந்து ஏறும் காற்றைக் குறையுங்கள். வார்ப்பட்டையின் நுனி படபடக்காமல் செருகிவையுங்கள். வண்டியின் முன்கண்ணாடித் தடுப்பு காற்றைச் சரியாக உங்கள் நெற்றிக்கு நேரே தள்ளிவிடுகிறதென்றால், அதன் உயரத்தை மாற்றிப் பாருங்கள். தலையைச் சற்றுக் குனிந்தோ நிமிர்ந்தோ பார்த்து இரைச்சல் சட்டென்று மாறினால், குற்றவாளி அந்தத் தடுப்புதான்.

ஒரு சென்டிமீட்டரின் விலை

ஹெல்மெட் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டையான வட்டுகள். வீட்டு ஒலிபெருக்கி ஒரு பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருக்கும். இதற்குப் பெட்டி இல்லை. வட்டின் சவ்வு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நேரத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் ஓரத்தைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. தாழ்ந்த சுருதிகளில் இந்த அழிவு மிக அதிகம். காதுக்கு மிக அருகில் இருந்தால்தான் அழிவதற்கு முன்பே ஒலி காதை அடையும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வண்டியை நிறுத்திய நிலையில், ஹெல்மெட்டை அணிந்து பாட்டைப் போடுங்கள். இரண்டு உள்ளங்கைகளாலும் ஹெல்மெட்டின் பக்கங்களைக் காதை நோக்கி மெதுவாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று எழும்பி, பாட்டு நிறைவாகக் கேட்கிறதா? அப்படியானால் உங்கள் ஒலிபெருக்கி காதிலிருந்து தூரமாக இருக்கிறது. கருவியில் குறை இல்லை.

அடுத்தது, நேர்க்கோடு. ஒலிபெருக்கியின் நடுப்பகுதி காதுத் துளைக்கு நேரே இருக்க வேண்டும். ஹெல்மெட்டின் காதுக் குழியில் ஒட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். குழி எல்லாத் தலைக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது, உங்கள் காது அதன் நடுவில்தான் இருக்கும் என்பதில்லை. பெரும்பாலும் அது சற்று மேலேயோ பின்னாலேயோ இருக்கும்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ஒலிபெருக்கியை ஒட்டாமல் துணிக்கு அடியில் தளர்வாக வைத்து, பேச்சு மட்டும் உள்ள ஒலிபரப்பைக் குறைந்த அளவில் ஓடவிடுங்கள். ஹெல்மெட்டை அணிந்து, கீழிருந்து ஒரு விரலை நுழைத்து, ஒலிபெருக்கியை மேலும் கீழும், முன்னும் பின்னும் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் பேச்சு திடீரென்று தெளிவாகும். அதுதான் உங்கள் இடம். அங்கே வெல்க்ரோவால் ஒட்டுங்கள். ஒரு பக்கம் முடிந்த பிறகு மறுபக்கம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இடைவெளி மிச்சமிருந்தால் ஒலிபெருக்கியின் பின்னால் மெல்லிய நுரைத் துண்டு வைத்து அதை முன்னே கொண்டுவாருங்கள். பல கருவிகளின் பெட்டியிலேயே அதற்கான துண்டுகள் வருகின்றன. காதைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். காது மடலை அழுத்தினால் அரை மணி நேரத்தில் வலி எடுக்கும், கவனம் சாலையிலிருந்து போய்விடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இடம் போதவில்லை என்று ஹெல்மெட்டின் வெள்ளை நுரையைச் சுரண்டவோ வெட்டவோ கூடாது. அது வெறும் பஞ்சு அல்ல. விழும்போது நசுங்கி, மோதலின் ஆற்றலை வாங்கிக்கொண்டு, மண்டையோட்டைக் காப்பாற்றுவது அதுதான். ஓட்டில் துளையிடுவதும் அப்படியே. பசையிலும் எச்சரிக்கை தேவை. பெட்ரோல், தின்னர், சில வகைப் பசைகள் அந்த நுரையைக் கரைத்துவிடும். வெளியே பார்த்தால் ஹெல்மெட் நன்றாகவே தெரியும், உள்ளே பாதுகாப்பு போயிருக்கும். நம் நாட்டில் 1973 முதல் ஹெல்மெட் கட்டாயம். மலேசியத் தரநிலைகளில் ‘எம்எஸ் 1’ என்ற முதல் எண்ணே ஹெல்மெட்டுக்குரியதுதான். பாட்டுக்காக அதைப் பாழாக்கக் கூடாது. புதிதாக வாங்குவதானால், சிரிம் முத்திரையோடு, ஒலிபெருக்கிக்கான குழி ஏற்கெனவே உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

காதை அடைத்தால் நன்றாகக் கேட்குமா?

இது புதிராகத் தோன்றும், ஆனால் உண்மை. மருந்தகங்களில் கிடைக்கும் சாதாரண நுரைக் காதடைப்பானைச் செருகிக்கொண்டு ஹெல்மெட் ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டால், பலருக்கு முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றின் இரைச்சல் 95 டெசிபல். பாட்டு கேட்க அதற்குமேல் 100 டெசிபல் வைக்கிறீர்கள். காதடைப்பான் 20 டெசிபல் தடுக்கிறது என்றால், இரைச்சல் 75, பாட்டு 80. பாட்டுக்கும் இரைச்சலுக்கும் இடையே உள்ள வேறுபாடு அதே 5 டெசிபல்தான். ஆனால் காது இப்போது வசதியான அளவில் வேலை செய்கிறது. மிகப் பலத்த ஒலியில் காதே ஒலியைச் சிதைத்து உணர்கிறது, தாழ்ந்த இரைச்சல் மேல் சுருதிகளை மறைப்பதும் அப்போதுதான் அதிகம். அளவு குறைந்ததும் இரண்டும் தணிகின்றன. வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் காட்சி தெளிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரக் கணக்கைப் பாருங்கள்: 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம், 80 டெசிபலுக்கு நாள் முழுதும் கேட்கலாம்.

பெட்டியில் 30 டெசிபல் என்று போட்டிருந்தாலும், சரியாகச் செருகாவிட்டால் பாதிகூடக் கிடைக்காது. சுத்தமான விரல்களால் அதை மெல்லிய குச்சிபோல் உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குமேல் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துக்கொண்டு உள்ளே விடுங்கள். அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். அதன் பிறகே ஹெல்மெட்டை அணியுங்கள்.

இதைச் செய்தவுடன் ஒலியை உச்சத்துக்குக் கொண்டுபோய்விட்டால் பயனே இல்லை. தடுத்ததையெல்லாம் நீங்களே திருப்பி ஊற்றுகிறீர்கள்.

ஈக்குவலைசரும் புளூடூத்தும்

பேஸ் கேட்கவில்லை என்றதும் கைப்பேசியின் ஈக்குவலைசரில் பேஸை ஏற்றுவது இயல்பு. அதுதான் பெரிய தவறு. 40 மில்லிமீட்டர் வட்டால் மிக ஆழமான ஒலியை உண்டாக்க முடியாது. முயன்றால் சவ்வு அதன் எல்லையில் முட்டிக் கரகரக்கும். பெருக்கியின் சக்தியும் அங்கேயே வீணாகும். மாறாக, 100 அதிர்வுகளுக்குக் கீழே உள்ளதைக் குறையுங்கள். 1,000 முதல் 4,000 வரை உள்ள பகுதியைச் சிறிது உயர்த்துங்கள். மெய்யொலிகள் வாழும் பகுதி அது. காதடைப்பான் கீச்சொலிகளைச் சற்று அதிகமாகவே தடுக்கும் என்பதால், இந்த மாற்றம் அதற்கும் ஈடு செய்கிறது.

நண்பரோடு இன்டர்காமில் பேசும்போது பாட்டின் தரம் திடீரென்று பழைய தொலைபேசிபோல் ஆகிவிடுகிறதா? புளூடூத்தில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று பாட்டுக்கானது, ஒருவழி, தரமானது. மற்றொன்று பேச்சுக்கானது, இருவழி, குறுகலானது. அதன் பழைய வகையில் 4,000 அதிர்வுகளுக்குக் குறைந்த ஒலிகள் மட்டுமே போகும், புதிய வகையில் ஏறத்தாழ 7,000 வரை போகும். மைக் திறந்திருக்கும் வரை பல கருவிகள் பேச்சுப் பாதையிலேயே நிற்கும். பேசி முடித்ததும் இன்டர்காமை மூடிவிடுங்கள்.

ஒலி விட்டுவிட்டு வந்தால், கைப்பேசி எந்தப் பையில் இருக்கிறது என்று பாருங்கள். புளூடூத் அலைகளை உடம்பிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்ளும். கருவி ஹெல்மெட்டின் இடப்பக்கம் இருந்தால், கைப்பேசியைச் சட்டையின் இடப்பக்கப் பையிலோ வண்டியின் முன்பக்கத்திலோ வைத்துப் பாருங்கள்.

நீங்கள் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லையென்றால், மைக் உதட்டின் ஓரத்தைக் கிட்டத்தட்டத் தொடும் அளவுக்கு நெருங்கியிருக்கட்டும். அதன்மேல் மாட்டும் நுரையுறையைக் கழற்றாதீர்கள். காற்று நேரடியாக மைக்கில் மோதுவதைத் தடுப்பது அதுதான்.

லோரியின் ஹார்ன் கேட்க வேண்டும்

பண்டமாரானில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகளோடு சாலையைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் நாம். பின்னால் வரும் லோரியின் ஹார்ன், பக்கத்தில் பிரேக் பிடிக்கும் ஓசை, ஆம்புலன்ஸ் ஒலி ஆகியவை பாட்டைவிட முக்கியம். காதடைப்பான் ஹார்னையும் இரைச்சலையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால், ஹார்ன் இரைச்சலுக்கு மேலேயே நிற்கும். அதை மூழ்கடிப்பது உச்சத்தில் வைத்த பாட்டுதான். காதுத் துளையை அடைக்கும் இயர்போனில் சத்தமாகப் பாட்டு கேட்பது அதைவிட மோசம்.

ஆகவே ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். லோரிகள் நெருங்கி ஓடும் துறைமுகச் சாலைகளிலும் சந்திப்புகளிலும் பாட்டை நிறுத்துங்கள். வழிகாட்டிக் குரல் மட்டும் போதும். பாட்டையும் வழியையும் புறப்படும் முன்பே தேர்ந்துவிடுங்கள். வண்டி ஓடும்போது கைப்பேசியைக் கையில் எடுப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

காது தரும் எச்சரிக்கை

உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் பக்கத்துக்கு ஏறத்தாழ 15,000தான் உண்டு. தோலைப் போலவோ முடியைப் போலவோ அவை திரும்ப வளர்வதில்லை. இரைச்சலால் ஏற்படும் சேதம் பெரும்பாலும் 4,000 அதிர்வுகளையொட்டிய பகுதியில் தொடங்குகிறது. வலி இருக்காது. சத்தம் கேட்கும், சொல் மட்டும் பிடிபடாது. “என்னம்மா சொன்னே?” என்று வீட்டில் இரண்டாவது முறை கேட்கத் தொடங்குவோம். தொலைக்காட்சியின் ஒலியைப் பிள்ளைகள் குறைக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டத்தில் இழந்தது இழந்ததுதான்.

அதற்கு முன்பே காது எச்சரிக்கை தருகிறது. இன்று மாலை வீடு திரும்பியதும் கருவியின் ஒலி அளவை மாற்றாமல் அப்படியே நிறுத்திவையுங்கள். நாளைக் காலை வாசலில் நின்று, வண்டியை முடுக்கும் முன், அதே அளவில் பாட்டைப் போடுங்கள். “இவ்வளவு சத்தமாகவா நேற்றுக் கேட்டோம்?” என்று தோன்றினால், நேற்றைய இரைச்சலில் உங்கள் செவித்திறன் தற்காலிகமாக மங்கியிருந்திருக்கலாம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதில் ‘ஙொய்’ என்று ரீங்காரம் கேட்டாலும் அதே பொருள். ஓய்வு கிடைத்தால் அது மீளும். தினமும் மீண்டும் மீண்டும் நடந்தால் ஒருநாள் மீளாது. ரீங்காரம் நிற்காமல் தொடர்ந்தால் தள்ளிப்போடாமல் அருகிலுள்ள அரசு சுகாதாரக் கிளினிக்குக்குச் சென்று, செவிச் சோதனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

புதிய கருவி வாங்குவதற்கு முன் இந்த வாரம் மூன்றை மட்டும் செய்து பாருங்கள். ஒலிபெருக்கியைக் காதுத் துளைக்கு நேரே நகர்த்துங்கள். கழுத்துவழி வரும் காற்றைத் தடுங்கள். ஒரு ஜோடி நுரை அடைப்பான் வாங்குங்கள். பிறகு அதே கூட்டரசு நெடுஞ்சாலையில், அதே பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஷா ஆலம் தாண்டியும் அறிவிப்பாளரின் சொல் புரிந்தால், அதுவும் ஒலியைப் பாதியளவில் வைத்தே புரிந்தால், நீங்கள் மிச்சப்படுத்தியது பணம் மட்டுமல்ல.